தலையைப் பிடித்தது யார்?

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை முற்பகல், அரசுப் பொது மருத்துவமனை விபத்துப் பிரிவின் இரண்டாம் அறையில், சாரத்திலிருந்து விழுந்த பெயின்டர் ஒருவர் இறந்தார். வயது இருபத்தொன்பது. இடது நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து, நெஞ்சை உள்ளிருந்தே நெருக்கியிருந்தது. ஒரு தடித்த ஊசி போதும், அந்தக் காற்றை வெளியேற்ற. யாரும் குத்தவில்லை.

அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை, மேடத்தின் துப்பறியும் அலுவலகத்துக்கு ஒரு அம்மாள் வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"என் மருமக வீட்டுல பொய் சொல்லுவா. நான் இல்லேங்கல. கேஸ் அடுப்பைத் தொடச்சியான்னு கேட்டா தொடச்சேம்பா, தொடச்சிருக்க மாட்டா. ஆனா வேலையில பொய் சொல்ல மாட்டா. அதை நிரூபிக்கணும். நாளைக்குப் பத்து மணிக்குள்ள."

ஸ்பீடு வாயில் வைத்திருந்த பிஸ்கட்டை அவசரமாக விழுங்கினான். பதினைந்து வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். நாற்பதைத் தாண்டி ஓட்டியதாகச் சரித்திரம் இல்லாததால் சக டிரைவர்கள் வைத்த பெயர் அது. வேலையை விட்டு மேடத்திடம் சேர்ந்த பிறகும் பெயர் விடவில்லை.

"நாளைக்குப் பத்து மணியா? அம்மா, நாங்க துப்பறியறவங்க. கூரியர் இல்ல."

"ஸ்பீடு, வாய்" என்றார் மேடம். போலீசில் இருபது வருடம் இருந்துவிட்டு, ஒரு நாள் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தவர். குரலை உயர்த்திப் பேசி ஸ்பீடு கேட்டதில்லை. "நீங்க சொல்லுங்கம்மா."

மாமியார் சொன்னார். மருமகள் அந்த இரண்டாம் அறையின் நர்ஸ். பெயின்டர் உயிருக்குப் போராடிய முக்கியமான நிமிடங்களில் அவள் அறையிலேயே இல்லை, வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று மருத்துவமனை சொல்கிறது. அவளோ, "பக்கத்துலயே நின்னேன், மூச்சுக்கு நெஞ்சு இடது பக்கம் ஏறலைன்னு கத்தினேன்" என்கிறாள். மனிதர் சாட்சி யாரும் அவளுக்கு எதிராக இல்லை. எதிராக இருப்பது கூரை.

"கூரையில என்னமோ மாட்டியிருக்காங்களாம் தம்பி. யார் எங்க நிக்கறாங்கன்னு அதுக்குத் தெரியுமாம். அது சொல்லுது, இவ இல்லேன்னு. நாளைக்கு விசாரணைக் குழு. குழுவும் அதையே சொன்னா நர்ஸ் பதிவே போயிடும். போலீஸ் கேஸ் வேற. அவ வெள்ளிக்கிழமையிலேர்ந்து சரியா சாப்பிடல."

"வேலையில கவனக்குறைவு உண்டா?" என்று கேட்டார் மேடம்.

"எனக்கு அவகிட்ட ஆயிரம் குறை இருக்கு. எதையும் எடுத்த இடத்துல வைக்க மாட்டா. ரெண்டு கையிலயும் எப்பவும் வேலை. அதனால எல்லாம் கழுத்துல. துண்டு கழுத்துல, சாவிக்கொத்து கழுத்துல. அடுப்புகிட்ட குனிஞ்சான்னா துண்டு நுனி சட்டிக்குள்ள தொங்கும். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. ஆனா ஒரு உசிரை விட்டுட்டு வெளிய போறவ இல்ல அவ."

மேடம் எழுந்து பையை எடுத்துக்கொண்டார். வழக்கை எடுத்துக்கொண்டார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

* * *

அந்தக் கூரை ஏற்பாட்டைப் பராமரிக்கும் இன்ஜினியர், மருத்துவமனை அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில் இருந்தார். மார்பு வரை தாடி. ஸ்பீடு மனதுக்குள் அவருக்குத் தாடி என்று பெயர் வைத்து முடித்துவிட்டான்.

"அறையில எல்லாரும் சட்டையில ஒரு பேட்ஜ் குத்தியிருப்பாங்க" என்றார் தாடி. "கருவிகள்ல ஒரு ஸ்டிக்கர். கூரையில நாலு சென்சார். எது எங்க இருக்கு, எது அசையுது, எல்லாம் தெரியும். வேலை ஒண்ணொண்ணா முடிய முடிய, சுவர்ல இருக்கற போர்டுல ஒவ்வொரு விளக்கா பச்சையாகும்."

"கேமரா?"

"நோயாளி துணியில்லாமக் கிடக்கற இடம் மேடம். கேமரா வேண்டாம், மைக்கும் வேண்டாம்னு முதல்லயே முடிவு பண்ணிட்டோம்."

"சரிதான். போர்டு எதுக்கு? டாக்டர்களுக்குத் தெரியாதா, என்ன செஞ்சோம்னு?"

தாடி முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க ஒரு தடவை உள்ள நின்னு பார்க்கணும். ஏழு பேர் ஒரே நேரத்துல பேசுவாங்க. ஒரே வேலையை ரெண்டு பேர் செய்வாங்க. ஒரு வேலையை அவர் செஞ்சிருப்பார்னு இவர் நினைச்சு, யாருமே செய்ய மாட்டாங்க. அப்படிப் போன உயிர் எத்தனையோ. போர்டு வந்தப்புறம் அது பாதியாக் குறைஞ்சிருக்கு. அதையும் எழுதிக்குங்க."

மேடம் எழுதிக்கொண்டார். தாடி அன்றைய பதிவைத் திரையில் ஓட்டினார். அறையின் வரைபடம். நடுவில் கட்டில். சிவப்புப் புள்ளிகள் டாக்டர்கள், மஞ்சள் நர்ஸுகள், நீலம் கருவிகள். அந்த நீலங்களும் மஞ்சள்களும் ஒருவர் சாவதைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தன என்பதை ஸ்பீடு கொஞ்ச நேரம் மறக்கப் பார்த்தான். முடியவில்லை. இப்படிப்பட்டவர்களைப் பதினைந்து வருடம் அந்த வாசல்வரை கொண்டுவந்து விட்டவன் அவன். உள்ளே நடப்பதை இன்றுதான் பார்க்கிறான், அதுவும் புள்ளிகளாக.

ஒரு மஞ்சள் புள்ளி சுவரோரம் போய், கொஞ்சம் திரும்பி, அணைந்தது.

"அவங்கதான்" என்றார் தாடி. "இங்கேர்ந்து வெளிய போயிட்டாங்க."

"சார், கதவு இந்தப் பக்கம்" என்றான் ஸ்பீடு. "அவங்க மறையறது அந்தப் பக்கம். அங்க தரையில ஏதாவது ஓட்டை இருக்கா?"

"சில சமயம் கதவுகிட்ட பதிவு விட்டுப்போகும். புள்ளி கொஞ்ச நேரம் வரலைன்னா 'வெளியே'ன்னு விழுந்துடும்."

"யார் எழுதறது?"

"அதுவே எழுதிக்கும்."

"பரவால்லியே. எங்க வீட்டு வாட்ச்மேனும் இப்படித்தான். என்னைப் பார்க்கலைன்னா நான் ஊர்லயே இல்லைன்னு சொல்லிடுவான்."

"சுவரோரம் என்ன இருக்கு?" என்று மேடம் கேட்டார்.

"கருவி மாட்டற கொக்கிங்க. எக்ஸ்ரே சாமான்."

திரையில் மற்ற புள்ளிகள் எல்லாம் திடீரென்று ஒரு மூலைக்கு நகர்ந்தன. எக்ஸ்ரே எடுப்பதற்காகக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போகிறார்கள் என்றார் தாடி.

"நிறுத்துங்க." மேடம் திரைக்கு அருகே குனிந்தார். "இப்ப கட்டில் பக்கத்துல யார் இருக்கா?"

"யாரும் இல்ல."

"இந்த நீலம்?"

"ஸ்டெத்தாஸ்கோப். நோயாளி மார்புகிட்ட."

"யார் கையில?"

தாடி தயங்கினார். "கருவி நோயாளிகிட்ட போச்சா, அசைஞ்சுதான்னுதான் அது பார்க்கும். யார் பிடிச்சிருக்காங்கன்னு பார்க்காது."

"ஆக, எல்லாரும் கண்ணாடிக்குப் பின்னால இருக்காங்க. கட்டில்கிட்ட ஒரு ஜீவன் இல்ல. ஸ்டெத் மட்டும் ஆடிக்கிட்டிருக்கு."

"டாக்டருக்குப் படிச்ச பேய் மேடம்" என்றான் ஸ்பீடு.

மேடம் சிரிக்கவில்லை. "இன்னிக்கு மத்தியானம் அந்த அறை காலியா இருந்தா, அரை மணி நேரம் எங்களுக்கு வேணும்" என்று தாடியிடம் சொல்லிவிட்டுப் படியேறினார்.

* * *

விபத்துப் பிரிவின் தலைமை மருத்துவர் மூன்றாம் மாடியில் இருந்தார். மேஜையில் பிரிக்காத சாப்பாட்டு டப்பா. கண்ணுக்குக் கீழே கருமை.

"அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்ல" என்றார். "ஆனா அவங்க கத்தினதா சொல்றது... அவங்க அறையிலேயே இல்லைன்னு பதிவு சொல்லுது. இல்லாதவங்க குரல் எனக்கு எப்படிக் கேட்கும்?"

"உங்களுக்கு ஞாபகம் என்ன சொல்லுது டாக்டர்?"

"அந்த நேரத்துல ஞாபகத்தை நம்பினா ஆள் செத்துப்போவான் மேடம். அதுக்காகத்தான் போர்டையே வாங்கினோம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. டப்பாவை ஓரமாக நகர்த்தினார்.

"அன்னிக்கு எடுத்த எக்ஸ்ரே?"

"கழுத்து மட்டும். மார்பு எடுக்கறதுக்குள்ள..." முடிக்காமல் கணினியில் படத்தைத் திறந்தார்.

கழுத்தெலும்புகள் அடுக்கி வைத்த காசு மாதிரி தெரிந்தன. ஸ்பீடுக்கு அதற்குமேல் ஒன்றும் புரியவில்லை. மேடம் படத்தின் ஓரத்தில், தாடைக்குக் கீழே, விரல் வைத்தார். "இது என்ன?"

"விரல் எலும்பு. தலையைப் பிடிச்சிருக்கறவங்களோடது. கழுத்து ஒடிஞ்சிருக்கான்னு தெரியற வரைக்கும் தலை இம்மிகூட அசையக் கூடாது. ரெண்டு கையாலயும் ஒருத்தர் பிடிச்சுக்கிட்டே நிக்கணும்."

"பதிவுல அந்த நேரம் கட்டில்கிட்ட ஆளே இல்ல டாக்டர்."

தலைமை மருத்துவர் படத்தையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார் பிடிச்சா?"

"'தலையைப் பிடிங்க'ன்னு சொன்னேன். யாரோ பிடிச்சாங்க. தொப்பி, மாஸ்க், கவுன். அதுக்குள்ள எல்லாரும் ஒண்ணுதான்."

"இந்தச் சுண்டுவிரல் கோணலா இருக்கு, பாருங்க. எக்ஸ்ரே அடிக்கும்போது இவங்க மட்டும் வெளிய போக வேண்டாமா?"

"ஈய ஏப்ரன் போட்டுக்குவாங்க. கதிர் உள்ள போகாது."

"ஈயம்" என்றார் மேடம். "கதிர் உள்ள போகாது. உள்ளேர்ந்து ஒண்ணும் வெளியவும் வராது, இல்லையா?"

ஸ்பீடு வாசலுக்குப் போய் மாமியாரின் எண்ணுக்குப் போன் போட்டான். "அம்மா, உங்க மருமகளுக்குச் சுண்டுவிரல் எப்படி? நேரா இருக்கா?"

"எங்க நேரா இருக்கு? சின்ன வயசுல சைக்கிள் செயின்ல மாட்டி கோணிப்போச்சு. பொண்ணு பார்க்கப் போனப்பவே கவனிச்சேன். ஏன் தம்பி?"

"அந்த விரலை எடுத்துக்கிட்டு ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. கூடவே மீதியையும்."

* * *

இரண்டாம் அறை காலியாக இருந்தது. தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். கட்டிலின் சக்கரங்களைச் சுற்றி இன்னும் ஈரம். தாடி கட்டிலில் படுத்து, மார்பின் மேல் தாடியைச் சரிசெய்துகொண்டார். நோயாளியாக நடிக்கச் சொன்னதில் அவருக்குச் சம்மதமில்லை, ஆனால் வேறு ஆளும் இல்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தலைமை மருத்துவரும் மாமியாரும். ஸ்பீடு மடிக்கணினியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில்.

நர்ஸ் எதிர்பார்த்ததைவிடச் சிறிய உருவம். சட்டைப்பையில் பேட்ஜைக் குத்திக்கொண்டாள். அறையின் நடுவில் நின்றாள். திரையில் ஒரு மஞ்சள் புள்ளி நடுவில் நின்றது.

"அன்னிக்குச் செஞ்சதை அப்படியே செய்ங்க சிஸ்டர்" என்றார் மேடம்.

அவள் சுவரோரம் போய், கொக்கியிலிருந்து ஈய ஏப்ரனை எடுத்து, தலைவழியே மாட்டி, இடுப்பில் கட்டினாள். கொஞ்சம் திரும்பினாள்.

புள்ளி அணைந்தது.

நர்ஸ் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். கூரையைப் பொறுத்தவரை அவள் இல்லை. ஸ்பீடு தன்னையறியாமல் கைதட்டிவிட்டான். மடிக்கணினி நழுவப் பார்த்தது.

"ஆளே முன்னால நிக்கறாங்க, வெளியேங்குது!"

"நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல" என்று மாமியார் யாரிடம் என்றில்லாமல் சொன்னார். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கட்டிலில் படுத்திருந்த தாடி எழுந்து பார்க்க முயன்று, மேடம் கைகாட்ட, மறுபடி படுத்தார். "ஏப்ரனை நாங்க யோசிக்கவே இல்ல" என்றார் கூரையைப் பார்த்து.

தலைமை மருத்துவர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தார். "சிஸ்டர், நான்... குழுகிட்ட இன்னிக்கே பேசிடறேன். இது போதும்."

"போதுமா சிஸ்டர்?" என்றார் மேடம். "அன்னிக்குச் செஞ்சது இவ்வளவுதானா?"

ஸ்பீடு மேடத்தைப் பார்த்தான். ஜெயித்த வழக்கில் அவர் முகம் இப்படி இருந்ததில்லை.

"இல்ல மேடம். அப்புறம் தலைகிட்ட போனேன்."

"அதையும் காட்டுங்க."

"எதுக்கு?" என்றார் மாமியார். "அதான் நிரூபணம் ஆயிடுச்சே. பாவம், நிக்க முடியல அவளால."

"பரவால்ல அத்தை."

நர்ஸ் கட்டிலை நோக்கி நடந்தாள். இரண்டாவது கொக்கியைத் தாண்டும்போது அவள் கை தானாகப் போய் அங்கே தொங்கிய ஸ்டெத்தாஸ்கோப்பை எடுத்தது. "அடுத்து ஸ்டெத் வெச்சு மார்பைக் கேட்பாங்க. கையை நீட்டினதும் கொடுக்கலாம்னு எடுத்து வெச்சுக்குவேன்" என்றாள். தாடியின் தலைமாட்டுக்கு வந்தாள். தலையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். ஸ்டெத்தாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். குனிந்தாள். கோணல் சுண்டுவிரல் தாடைக்குக் கீழே போய் அமர்ந்தது.

கழுத்திலிருந்து நழுவிய ஸ்டெத்தாஸ்கோப்பின் வட்ட முனை தாடியின் மார்புக்கு மேல், இடது பக்கமாக, தொங்கி ஆடியது. அவள் மூச்சு விடும்போதெல்லாம் ஆடியது.

கட்டிலுக்குப் பின்னால், அவள் முதுகுப்புறம், சுவரில் இருந்த போர்டில் ஒரு விளக்கு பச்சையாயிற்று. 'மார்பு – கேட்டாயிற்று.'

எல்லோரும் நிமிர்ந்து அந்த விளக்கைப் பார்த்தார்கள். ஒரு துண்டு நுனி சட்டிக்குள் தொங்குவது ஸ்பீடின் கண்முன் வந்தது.

"என்ன?" என்றாள் நர்ஸ், தலையை விடாமல். "ஏன் எல்லாரும் மேல பார்க்கறீங்க?"

"விடலாம் சிஸ்டர்" என்றார் மேடம். "திரும்பிப் பாருங்க."

அவள் திரும்பினாள். கொஞ்ச நேரம் போர்டைப் பார்த்தாள். பிறகு கீழே, தன் கழுத்தைப் பார்த்தாள்.

"யாரும் கேட்கலையே" என்றாள். "இன்னும் யாருமே கேட்கலையே."

தலைமை மருத்துவர் சுவரில் சாய்ந்தார். "ஒரு குரல் கேட்டுச்சு" என்றார் மெதுவாக. "'இடது பக்கம் ஏறல டாக்டர்'னு. நான் போர்டைப் பார்த்தேன். பச்சை. ஜூனியர் டாக்டர் மார்பைக் கேட்டுட்டான், சரியாத்தான் இருக்குன்னு நினைச்சேன். அவன் போர்டைப் பார்த்து நான் கேட்டேன்னு நினைச்சிருக்கான். அந்தப் பச்சையால அந்தக் குரலையே தள்ளிட்டேன். அப்புறம் மறந்தும் போயிட்டேன்."

"என் குரல் டாக்டர்" என்றாள் நர்ஸ். "நான்தான் கத்தினேன். நானேதான் பச்சையும்..."

மாமியார் ஓடி வந்து அவள் கழுத்திலிருந்த ஸ்டெத்தாஸ்கோப்பைப் பிடுங்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "இது எதுக்கு வெளிய தெரியணும்?" என்று மேடத்திடம் கேட்டார். குரல் கெஞ்சியது. "இவ உள்ள இருந்தாங்கறது போதாதா? காசு கொடுத்து உங்களைக் கூட்டிட்டு வந்தது நானு."

"அறிக்கையை உங்க கையிலதான் தரப்போறேன்மா. ஆனா பாதி அறிக்கை எழுதத் தெரியாது எனக்கு. அவங்க உள்ள இருந்ததுக்கும் அந்தப் பச்சைக்கும் ஒரே சாட்சிதான், அவங்க குனிஞ்சது."

"நாளைக்கே இன்னொருத்தர் குனிவாங்க அத்தை" என்றாள் நர்ஸ். ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் ஸ்டெத்தாஸ்கோப்பைக் கட்டில்மேல் வைத்துவிட்டு அவளுக்காக அவிழ்த்துவிட்டார். ஏப்ரன் இறங்கியதும் திரையில் மஞ்சள் புள்ளி மறுபடி வந்தது.

"இந்தப் பதிவை அழிச்சிடாதீங்க சார்" என்றாள் அவள் தாடியிடம். "நாளைக்கு நானே காட்டறேன்."

வெளியே காரில் ஏறியதும் ஸ்பீடு சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

"உங்களுக்கு எப்ப தெரியும் மேடம்?"

"ஆளில்லாத இடத்துல ஒரு தலையை யாரோ பிடிச்சிருக்காங்க. அதே ஆளில்லாத இடத்துல ஒரு ஸ்டெத் ஆடுது. ரெண்டு பேய் எதுக்குன்னு தோணுச்சு. அந்தம்மா துண்டைப் பத்திச் சொன்னது அப்புறம் ஞாபகம் வந்துச்சு."

"ஏப்ரனோட நிறுத்தியிருக்கலாம்."

"வண்டியை எடு."

அவன் எடுத்தான். முப்பதைத் தாண்டவில்லை.

மறுநாள் விசாரணைக் குழு முன்னால் நர்ஸ் ஏப்ரன் மாட்டியதையும் குனிந்ததையும் செய்து காட்டினார். பணியிடத்தை விட்டு வெளியேறினார் என்ற குற்றச்சாட்டு தள்ளுபடி செய்யப்பட்டது. போலீஸ் வழக்கு பதிவாகவில்லை. தலைமை மருத்துவருக்கும் ஜூனியர் மருத்துவருக்கும் எச்சரிக்கை வழங்கப்பட்டது. போர்டில் 'மார்பு' விளக்கு தானாக எரிவது நிறுத்தப்பட்டது. மார்பைக் கேட்டவர் சத்தமாகச் சொன்ன பிறகு, இன்னொருவர் போர்டில் கையால் தட்டி அதை எரியவைக்க வேண்டும். ஏப்ரன்களின் வெளிப்பக்கத்தில் பேட்ஜ் குத்த ஒரு பட்டை தைக்கப்பட்டது. பெயின்டரின் அப்பா அறிக்கையின் நகலை வாங்கிக்கொண்டு போனார்.

நர்ஸ் மார்ச் முதல் வாரம் வேலைக்குத் திரும்பினார். கண் பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதியிருந்தார். மாற்றல் கிடைக்கவில்லை. இரண்டாம் அறையிலேயே இருக்கிறார்.